இன்னும் போகாத இன்ஸ்பெக்டர்

நாலே பேர்தானே, ஒரே ஒரு நாள்தானே, சொல்லிவிட்டால்தான் என்ன? காலையிலிருந்து கிருஷ்ணவேணி தனக்குள் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல அது இன்னும் கனத்தது.

மயிலத்தைத் தாண்டியிருக்கும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நாளை இன்ஸ்பெக்டர் வருகிறார். வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை அன்றைக்கு மட்டும் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடுவது வழக்கம். தலைமையாசிரியர் தாண்டவராயன் பெயர்களைத் தாளில் எழுதியே கொடுத்துவிட்டார். அவளுடைய நாலாம் வகுப்பில் நாலு பேர். முதல் பெயர் கொளஞ்சி.

போன வருஷம் அவளே மூன்று பேரிடம் சொன்னாள். இரண்டு பேர் மறுநாள் திரும்பி வந்தார்கள். பவுனு வரவில்லை. ஒரு மாதம் கழித்து, கிளியனூர் சாலையோரத்துச் செங்கல் சூளையில் அவளைக் கண்டுபிடித்தபோது, தலையில் கல்லோடு நின்று சிரித்தாள் அந்தப் பெண்.

"இன்னும் இன்ஸ்பெட்ரு போவலியா டீச்சர்?"

அது கிண்டல் இல்லை. அதுதான் கிருஷ்ணவேணியைத் தூங்கவிடவில்லை.

மதியம் தாண்டவராயன் கூப்பிட்டார். மேசையில் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் அவளுடைய மாறுதல் மனு இருந்தது. விழுப்புரத்தில் அம்மாவிடம் விட்டுவந்த மகனுக்கு மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமை போனால், இப்போதெல்லாம் அவளைக் கண்டு பாட்டியின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்கிறான்.

"சிபாரிசு எழுதி இன்னிக்கே அனுப்பிடலாம்னு பாக்கறேன். நீங்களும் கொஞ்சம் அனுசரிச்சிக்கினு போங்க டீச்சர். அதுங்க உக்காந்துக்கினு முழிச்சா நமக்குத்தான் பேஜாரு."

"கொளஞ்சி இப்ப எழுத்துக் கூட்டிப் படிக்குது சார்."

"எட்டு மாசத்துல ஒரு வரி. அவரு பொழுது சாயற வரைக்கும் கேட்டுக்கினு இருப்பாரா?"

எட்டு மாதமும் அந்த ஒரு வரிக்காகத்தான் போயிற்று என்பதை எப்படிச் சொல்வது? மகன் முதல் வார்த்தை பேசியபோது அவள் பக்கத்தில் இல்லை. கொளஞ்சி 'மரம்' என்று படித்தபோது இருந்தாள்.

சாயங்காலம் மணி அடித்த பிறகும் கொளஞ்சி போகாமல் வாசற்படியில் நின்றாள். ஊரில் நிலக்கடலை பறிக்கும் காலம்.

"டீச்சர், நாளிக்கு மல்லாட்ட ஆயறதுக்கு எங்கம்மா கூப்புடுது. உங்களக் கேட்டுக்கினு வரச் சொல்லிச்சி. நாளிக்கு நான் வரணுமா?"

பின்னால் தன் மேசையில் இருந்த தாண்டவராயன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டது கிருஷ்ணவேணிக்குத் தெரிந்தது. விழுப்புரம் பஸ்ஸின் ஜன்னல், முந்தானைக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் ஒரு கண், எல்லாம் ஒரு கணம் வந்து நின்றன.

"வரணும்," என்றாள். "ஒம்போது மணிக்கெல்லாம் வந்துடு. மொத வரிசையில உக்காரு."

பெயர் எழுதிய தாளை இரண்டாக மடித்து, அவர் மேசையில் தன் மனுவின் மேல் வைத்தாள். மாசி வெயில் இன்னும் இறங்கவில்லை. வெளியே கொளஞ்சி பள்ளிச் சுவரில் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்று எழுதியிருந்த பெரிய எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"ஊ... ரா..."

மூன்றாவது எழுத்தில் விரல் நின்றது.