வனஜா பாட்டு

செலினுக்கு அந்த ஆங்கிலப் பாட்டின் மேல் பதினாறு வயதிலிருந்தே பைத்தியம். எண்பத்தேழில், பட்டாபிராம் குவார்ட்டர்ஸில், அண்ணன் கொண்டுவந்த கேசட்டில் கேட்டது. பியானோவோடு மெதுவாக ஆரம்பிக்கும். போகாதே, போகாதே என்று ஒருவன் கெஞ்சுவான். நடுவில் டிரம்ஸ் இடி மாதிரி இறங்கும், கிட்டார் அலறும். கடைசியில் சுருதி ஒரு படி மேலே ஏற, தொண்டை கிழியக் கதறுவான்.

மாதா கோயில் பாடகர் குழுவை இருபது வருஷமாக நடத்துகிறவள் இதைப் போய் ரசிப்பதா? அதனால் யாரிடமும் சொன்னதில்லை, கணவன் கிறிஸ்துராஜிடம்கூட. காலையில் நெமிலிச்சேரியில் ரயிலேறினால், வேலை பார்க்கும் தையல் கம்பெனிக்காக அம்பத்தூரில் இறங்கும்வரை இயர்போனில் அதுதான்.

ஒரு நாள் அன்னனூரில் கூட்டம் நெருக்கியதில் இயர்போன் பிடுங்கிக்கொண்டது. பாட்டு பெண்கள் பெட்டி முழுக்கக் கத்தியது. அங்கேதான் வனஜாவும் ஏறியிருந்தாள். அதே கம்பெனியில் பட்டன் தைப்பவள்.

"இன்னா பாட்டுக்கா இது?"

"என் பையன் ஏத்தி வச்சிருக்கான். என்ன கண்றாவியோ!" என்று செலின் அவசரமாக அணைத்தாள்.

"ஐய, சூப்பரா கீது! எனக்கு அனுப்புக்கா."

அனுப்பினாள். அதுதான் வினையாய்ப் போயிற்று. வனஜாவுக்கு ஆங்கிலம் தெரியாது, வெட்கமும் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் போனை எவர்சில்வர் டம்ளருக்குள் வைத்து அலறவிட்டாள். மெஷினில் உட்கார்ந்தபடியே முனகினாள். "அந்த ஆளு கத்தறப்ப எனக்கு அழுவாச்சியா வருது" என்று சூப்பர்வைசரிடமே சொன்னாள். ஒரு மாதத்தில் ஃப்ளோரில் எல்லோருக்கும் அது 'வனஜா பாட்டு' ஆகிவிட்டது. அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் செலினுக்குப் பொறுக்கவில்லை.

கம்பெனி ஆண்டு விழா குமணன்சாவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. செலின் ஒரு பழைய மெலடியைப் பிசிறில்லாமல் பாடினாள். மரியாதையாகக் கைதட்டினார்கள். அடுத்து வனஜா, அந்த ஆங்கிலப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிய ஒரு காகிதத்தோடு மேடையேறினாள். பாதி வார்த்தை தப்பு. சுருதி ஏறிய இடத்தில் குரல் இரண்டாக உடைந்தது. அவள் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தில் நீர் வழிய வழியக் கத்தினாள். மண்டபமே எழுந்து விசிலடித்தது.

"யாரு இது? உசிரக் குடுத்துப் பாடுது!" என்று கூட வந்திருந்த கிறிஸ்துராஜ் கைதட்டினார்.

செலின் தன் கைகளை மடியிலிருந்து எடுக்கவில்லை. என்னுடையது நல்ல குரல், பாட்டும் என்னுடையது, பிறகு எதற்கு எனக்கு இப்படி எரிகிறது என்று யோசித்தாள்.

திங்கட்கிழமை ரயிலில் வனஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் செலின் வெடித்தாள். "அது உன் பாட்டு இல்ல, வனஜா. என் பாட்டு. முப்பத்தெட்டு வருஷமா கேக்கறேன்."

வனஜா விழித்தாள். "அப்ப ஏன்க்கா பையன் ஏத்தினான்னு சொன்னே?"

செலின் இயர்போன் வயரை விரலில் சுற்றினாள்.

"புடிச்சிருக்குன்னு சொல்றதுக்கு இன்னாக்கா கூச்சம்?"

"ரெண்டாவது சரணத்துல நீ எல்லாத்தையும் தப்பாப் பாடற" என்றாள் செலின்.

"அப்ப நீ பாடிக் காட்டு."

திருத்துவதற்காகத்தான் ஆரம்பித்தாள். நாலு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். முகம் சூடேறியது. ஆனாலும் நிறுத்த மனசு வரவில்லை. டிரம்ஸ் வரும் இடத்தில் கை தானாக ஜன்னல் கம்பியில் தட்டியது. திருமுல்லைவாயில் தாண்டியபோது கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"யக்கா! இன்னா கொரலுக்கா உனக்கு!" என்றாள் வனஜா.

செலினுக்கு உள்ளம் குளிர்ந்தது, ஒரு நிமிஷந்தான். சுருதி ஏறியதும் வனஜாவும் சேர்ந்துகொண்டாள், அதே உடைந்த குரலில், தப்புத் தப்பாக. எதிரே இருந்த பூக்காரம்மா செலினை விட்டுவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

சுருக்கென்றது. செலின் இன்னும் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டினாள்.