பசிக்காத விரதம்

கார்த்திகை முதல் தேதி மாலை போட்ட கலைச்செல்வன், மார்கழி பிறந்தபோது ஒரு வேளைதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதுவும் நாலு வாய். விடியுமுன் குளித்துவிட்டு விளக்கின் முன்னால் உட்கார்ந்திருப்பான். இரவில் தூங்கினானா என்று யாரும் பார்க்கவில்லை.

ஆண்டிமடத்தில் அவர்கள் தெருவே அவனை மெச்சியது.

"விரதம்னா இப்புடி இருக்கணும்," என்றார் எதிர்வீட்டு வெள்ளைச்சாமி. "எங்க வூட்டுலயும் ஒரு சாமி இருக்கு. காலையிலேயே பத்து தோச திங்குது."

பெரம்பலூரில் விடுதியில் தங்கி, மருத்துவப் படிப்புக்கான தேர்வுக்கு இரண்டாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தவன் கலைச்செல்வன். விடுதிச் சாப்பாடு விரதத்துக்கு ஆகாது என்று வீட்டுக்கு வந்திருந்தான். மாலை போட்டவனை யாரும் அதட்டக் கூடாது. தினமும் காலையில் அப்பா தமிழழகன் மகனின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் முந்திரிக் கொல்லைக்குப் போவார்.

அம்மா மேகலா தனியாகச் சமைத்து வைப்பாள். தட்டு அப்படியே திரும்பி வரும். கன்னம் ஒட்டிவிட்டது. அவளும் அதைப் பக்தி என்றே நினைத்தாள்.

ஒரு நாள் துவைப்பதற்காக அவன் பையைக் கவிழ்த்தாள். துணிகளுக்கு நடுவே காலி மாத்திரை அட்டைகள் விழுந்துகொண்டே இருந்தன.

மாத்திரை அவளுக்குத் தெரிந்ததுதான். படிப்பில் கவனம் நிற்கவில்லை என்று போன வருடம் திருச்சியில் ஒரு டாக்டரிடம் காட்டியபோது எழுதிக் கொடுத்தது. காலையில் ஒன்று. அது உதவவும் செய்தது. முதல் மாதம் அவன் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்து படித்ததைப் பார்த்து அவள் அழுதிருக்கிறாள்.

கொல்லையிலிருந்து வந்த கணவன் முன்னால் அட்டைகளைக் கொட்டினாள்.

"இவ்வளவு ஏதுங்க?"

தமிழழகன் கால் கழுவிக்கொண்டிருந்தார். "அட்ட தொலைஞ்சுபோச்சுன்னான். இன்னொரு டாக்டர்கிட்ட காட்டி வாங்கித் தந்தேன்."

"எத்தன தடவ?"

"படிக்கிற புள்ள கேக்குது. என்ன செய்யச் சொல்ற?"

அவள் மகனிடம் போனாள். அவன் சோற்றைத் தட்டில் பரப்பி ஒவ்வொரு பருக்கையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாமி, மாத்திர எத்தன போடுறீங்க?"

"இதுல என்ன கலந்த?"

"உப்புதான் சாமி."

"விடுதியிலயும் கலந்தாங்க. கண்டுபிடிச்சிட்டேன்." குரலைத் தாழ்த்தினான். "வெளிய சொல்லாத. கேள்வித்தாள் எனக்கு வந்துகிட்டிருக்கு. பஜனை மைக்குல வருது. மத்தவங்களுக்குப் பாட்டுதான் கேக்கும்."

மேகலா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"நம்பலல்ல? அப்பாவே தெனம் என் கால்ல விழுறாரு. ஒண்ணும் தெரியாமலா விழுறாரு?"

அவள் சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"கார சொல்லுங்க. அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"நாளை மறுநாள் இருமுடி கட்டு. மலைக்குப் போயிட்டு வந்து பாக்கலாம். நடுவுல மாலைய எறக்குனா குத்தமாயிடும்."

"அதுவர தாங்குவானா?"

அவர் காருக்குப் போன் செய்தார்.

குருசாமி கூப்பிடுகிறார் என்று சொன்னதும் கலைச்செல்வன் ஏறிக்கொண்டான். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள். ஒவ்வொன்றின் நம்பரையும் படித்துத் தலையாட்டினான்.

குருசாமி கண்ணையன் அரியலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். மேகலா சொன்னதைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த செம்புக்கம்பியைக் கீழே வைத்தார்.

"மத்த சாமிங்ககிட்ட இவரக் காட்டித்தாம்மா பேசினேன். இவரப் பாத்துக் கத்துக்குங்கன்னு."

"பசிய அடக்குனாத்தான சாமி விரதம்? இந்த மாத்திரையில இவனுக்குப் பசியே எடுக்கல," என்றாள் மேகலா.

கண்ணையன் கலைச்செல்வனின் கையைப் பிடித்துப் பார்த்தார். எலும்புதான் தட்டுப்பட்டது.

"குத்தம் வருமாங்க?" என்றார் தமிழழகன்.

"வந்தா எனக்கு வரட்டும். நீங்களே கழட்டுங்கம்மா. பெத்தவங்க கழட்டலாம்."

கலைச்செல்வன் இரண்டு கையாலும் மாலையைப் பற்றினான். "கழட்டுனா நின்னுடும்."

"என்னப்பா நின்னுடும்?" என்றாள் மேகலா.

"எல்லாம்."

"நிக்கட்டும்," என்றாள். "கொஞ்ச நேரம் நிக்கட்டும். நீ ஓஞ்சு போயிட்ட."

அவன் அவளையே பார்த்தான். கண்கள் சிவந்து உள்ளே போயிருந்தன. வெகுநேரம் கழித்துக் கையை எடுத்தான். அவள் மாலையைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஓர் இளம்பெண். அவனிடம் பொறுமையாகப் பேசினாள். பிறகு பெற்றோரைத் தனியே அழைத்தாள்.

"ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா?"

"இல்லைங்க மேடம்," என்றார் தமிழழகன். "விரதம். அதுல ஒடம்பு எளச்சுப் போச்சு."

டாக்டர் எழுதத் தொடங்கினாள்.

"சாப்பிடுறான்," என்றாள் மேகலா. பையைத் திறந்து அட்டைகளை மேசைமேல் வைத்தாள். "கவனத்துக்குக் குடுத்தது. ஒண்ணுதான் போடணும். இவன் எத்தன போட்டான்னு தெரியல. ரெண்டு டாக்டர்கிட்ட வாங்கியிருக்கோம்."

தமிழழகன் சுவரைப் பார்த்தார்.

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினாள். "சொன்னது நல்லது. இல்லன்னா வேற நோய்னு நெனச்சிருப்பேன்."

"சரியாயிடுமா?"

"மாத்திரைய நிறுத்தினா நெறைய பேருக்குச் சரியாயிடும். சிலருக்கு உள்ள ஏற்கெனவே இருந்தது இதுல வெளிய வந்திருக்கும். இப்பவே சொல்ல முடியாது. சில வாரம் பாக்கணும்."

"மே மாசம் பரீட்சை இருக்குங்க மேடம்," என்றார் தமிழழகன்.

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "முதல்ல தூங்கட்டும் சார்."

ஊசி போட்டார்கள். கலைச்செல்வன் அரைமணி நேரம் கூரையைப் பார்த்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். சொல் சொல்லாகக் குறைந்து, கறுப்பு வேட்டியோடு ஒருக்களித்துத் தூங்கிப்போனான். வாய் திறந்திருந்தது.

கண்ணையன் போனில் வந்தார். மலைக்குப் போகும் வேனில் அவனுக்கு வைத்திருந்த இடத்தை வேறொருவர் கேட்கிறார், என்ன சொல்லட்டும் என்றார்.

"ஏத்திக்கிங்க சாமி," என்றாள் மேகலா.

தமிழழகன் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். மகனின் பாதத்தருகே கையைக் கொண்டுபோனவர், போர்வையை இழுத்து மூடினார்.

"ஏதாச்சும் வாங்கியாரவா? முழிச்சா சாப்பிடுவானா?"

"தெரியல," என்றாள் மேகலா. காலையிலிருந்து இரண்டு பேரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "நாலு இட்டிலி வாங்கியாங்க. அவன் சாப்பிடலன்னா நாம சாப்பிடலாம்."