நல்லூர் பெருகட்டும்

எங்கள் கம்பெனி இணையதளத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் இருந்தன. அத்தனையும் வேல்விழியாகிய நான் எழுதியவை என்று சொன்னால் பெருமையாகத்தான் இருக்கும். உண்மையில் நான் எழுதியது ஒரே ஒரு பக்கம், அதுவும் பக்கத்து ஊரான மங்கலத்துக்கு. 'மங்கலம் வியாபாரிகளுக்குத் தரமான பனியன், மொத்த விலையில்' என்று அதை எழுதிவிட்டு, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி மாற்றி ஒட்டினேன். ஈரோடு, தேனி, சாத்தூர் என்று ஆரம்பித்து சிங்கப்பூர் வரைக்கும் போனேன். எந்த ஊர்க்காரர் கூகுளில் தேடினாலும் நாம்தான் முன்னால் வந்து நிற்போம் என்பது பெரியப்பாவின் யோசனை.

பெரியப்பா என்றால் கிட்டுசாமி. நல்லூரில் இருக்கும் எங்கள் பனியன் கம்பெனியின் முதலாளி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'மங்கலம் பெருகட்டும்' என்று வாழ்த்துப் போடச் சொல்லியிருந்தார். மகா புத்திசாலியான நான், மங்கலம் என்று வருகிற இடத்திலெல்லாம் ஊர்ப் பெயரைப் போடு என்று கம்ப்யூட்டருக்கு உத்தரவு கொடுத்துவிட்டேன். அதுவும் சொன்னதைச் செய்தது. ஈரோடு பெருகட்டும். தேனி பெருகட்டும். சிங்கப்பூர் பெருகட்டும். ஆறு மாதம் ஒரு ஆளும் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தவன் முனீஸ்.

முனீஸ் எங்கள் கம்பெனியில் துணி சோதிக்கிறவன். விருதுநகர்ப் பக்கத்துக்காரன். ஒருநாள் என் மேசைக்கு வந்து, போனை நீட்டி, "மேடம், நல்லூர் பெருகட்டும்னு போட்டிருக்கீகளே, இருக்கிற டிராபிக் பத்தாதா?" என்றான். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "உங்க வேலையப் பாருங்க" என்று சிடுசிடுத்தேன். மறுநாளும் வந்தான். குட் மார்னிங் என்பதற்குப் பதிலாக, "நல்லூர் பெருகட்டும் மேடம்" என்றான். சிரித்துத் தொலைத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கங்களைத் திருத்த எனக்கு மனசே வரவில்லை.

துணியின் எடை பார்ப்பதற்கு ஒரு கருவியை வைத்து வட்டமாக ஒரு துண்டு வெட்டி எடுப்பார்கள். எடை பார்த்த பிறகு அதைக் குப்பையில்தான் போடுவார்கள். முனீஸ் அதில் பேனாவால் எதையாவது எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போவான். காதல் வசனம் எழுதுவான் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். 'இது மூணு தண்ணி துவைச்சதுக்கு அப்புறம் சுருங்காது.' 'இதோட கழுத்துப் பட்டை நாலு மாசத்துல தொங்கிரும், வாங்காதே.' அவ்வளவுதான். மேடம் என்றவன் எப்போது 'ஏ புள்ள' என்று கூப்பிட ஆரம்பித்தான் என்று எனக்கு ஞாபகமில்லை. அப்படி அவன் கூப்பிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இப்போதும் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால், அந்த வார்த்தையாக இருக்கக் கூடாதா என்றுதான் திரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் தெரிந்தபோது அண்ணன் என் சிம் கார்டை இரண்டாக உடைத்துப் போட்டான். பெரியப்பா கத்தவில்லை. முனீஸைக் கூப்பிட்டு, "நீங்க வேற கம்பெனி பாத்துக்குங்க தம்பி" என்று மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஜோர்டானில் ஒரு கார்மென்ட்ஸில் ஆள் எடுக்கிறார்கள் என்று முனீஸ் கிளம்பிவிட்டான்.

அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்த அன்றுதான் கடைசியாகப் பேசினோம். "போன் பண்ண முடியாது. கம்பெனி மெயிலை உங்க பெரியப்பாதான் திறப்பாரு. ஆனா ஏ புள்ள, நல்லூர் பெருகட்டும்னு உலகத்துல வேற எந்தக் கிறுக்கும் எழுதியிருக்காது. அங்க உக்காந்து நான் அதைத் தேடிப் பாப்பேன். உன் பக்கம் வந்துச்சுன்னா நீ இருக்கேன்னு எடுத்துக்கிருவேன். ரெண்டு வருசத்துல எப்படியும் வந்துருவேன்" என்றான். அட்டையை மேசையில் வைத்துவிட்டு, "பக்கம் வரலேன்னா உனக்குக் கல்யாணம் ஆயிருச்சுன்னு எடுத்துக்கிருவேன்" என்றான். வாய் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

இந்த ஆடி மாதத்தில், தளத்தின் வழியாகக் கடைக்காரர்கள் யாருமே விசாரிக்கவில்லை என்று பெரியப்பா சத்தம் போட்டார். கூகுளில் தேடினேன். எங்கள் தளமே வரவில்லை. 'நல்லூர் பெருகட்டும்' என்று அடித்தேன். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயில் வந்தது. என் பக்கம் வரவில்லை. மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தேன்.

பெரியப்பா அவிநாசியிலிருந்து அனுப்பிரியா என்ற பெண்ணை வரவழைத்தார். இணையதளங்களைச் சரிசெய்வது அவள் தொழில். அரைமணி நேரம் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"ஏனுங்க்கா, ஊர் பேர மட்டும் மாத்தி மாத்தி ஒட்டியிருக்கீங்க. படிக்கறவங்களுக்கு இதுல என்னங்க இருக்குது? ஒரு பிரயோசனமும் இல்லைன்னு மூணு வாரத்துக்கு முன்னாலயே கூகுள்ல தூக்கிட்டாங்க. எல்லாத்தையும் அழிச்சுப் போடுங்க."

"ஒரே ஒரு பக்கத்த வெச்சுக்கலாங்களா?"

"வெச்சுக்கலாம். ஆனா வேற எங்கயும் கெடைக்காத விசயம் அதுல இருக்கோணும். யாரு அனுபவத்துல சொல்றாங்கன்னு பேரும் இருக்கோணுமுங்க."

இருநூற்றுப் பதினொரு ஊர்களை ஒரே மத்தியானத்தில் அழித்தேன். ஒரு ஊருக்கும் நான் வருத்தப்படவில்லை. நல்லூரை மட்டும் வைத்துக்கொண்டு, மேசை டிராயரைத் திறந்து வட்டத் துணிகளை எல்லாம் வெளியே எடுத்தேன். மொத்தம் எண்பத்தேழு இருந்தன. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். துணியில் ஐம்பது சென்டிமீட்டருக்குச் சதுரம் வரைந்து, மூன்று முறை துவைத்து, மறுபடி அளந்து பாருங்கள். நாற்பத்தேழு வந்தால் அந்தத் துணியை வாங்காதீர்கள் என்று எழுதினேன். பனியனைக் கொடியில் தொங்கவிட்டால் ஏன் நீண்டுபோகிறது என்று எழுதினேன். எல்லாம் அவன் சொன்னதுதான். அவன் குரல் காதில் கேட்கக் கேட்க எழுதினேன். இரண்டு வருஷத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த மூன்று நாள்தான். கடைசியில் இப்படிப் போட்டேன்: 'எழுதியவர் வேல்விழி. சொன்னவர் முனீஸ், துணி சோதனை. நல்லூர் பெருகட்டும்.'

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். பெயர் வந்த இடத்தில் நின்றார்.

"இந்தப் பேரு எதுக்கு கண்ணு?"

"பேரு இல்லாட்டி பக்கம் நிக்காதுங்க பெரியப்பா. வேணும்னா அனுப்பிரியாகிட்டக் கேளுங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் தலையைக் குனியவில்லை. "யாவாரத்துக்குன்னா இருந்துட்டுப் போகுது" என்று கண்ணாடியைக் கழற்றினார்.

பத்து நாளில் பக்கம் கூகுளில் மறுபடி வந்துவிட்டது. 'துணி சுருங்குமா' என்று தேடினால் நாங்கள்தான் முதலில். கடைக்காரர்களும் தையல்காரர்களும் நூற்றுக்கணக்கில் வந்து படிக்கிறார்கள். என்னென்ன வார்த்தை போட்டுத் தேடி வந்தார்கள் என்று கூகுளிலிருந்து ஒரு பட்டியல் வரும். அதில் தினமும் அந்த இரண்டு வார்த்தையைத் தேடுகிறேன். இல்லை.

பொறுக்க முடியாமல் அனுப்பிரியாவைக் கேட்டேன். "ஒரே ஒருத்தர் மட்டும் ஒண்ணத் தேடியிருந்தா, இதுல தெரியுங்களா?"

"தெரியாதுங்க்கா. ரொம்பக் கம்மிப் பேரு தேடுனத மறைச்சுருவாங்க. ஆளு யாருன்னு தெரிஞ்சுரக் கூடாதுல்லங்க?"

அட பாவிகளா! எனக்குத் தெரிய வேண்டியது அந்த ஒரு ஆள் மட்டும்தானே.

அவன் தினமும் வந்து படித்துவிட்டுப் போகலாம். வராமலே இருக்கலாம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னைத் தின்பது அந்த ஐந்து வாரம். அப்போது அவன் தேடியிருந்தால்? யாழ்ப்பாணத்துக் கோயிலைப் பார்த்துவிட்டு, எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று போனைக் கீழே வைத்திருந்தால்? அப்படிப் போனவன் மறுபடி ஏன் தேடப் போகிறான்? ஆனாலும் ஒருநாள் மனசு கேட்காமல் இன்னொரு தடவை தேடிப் பார்ப்பான். நானாக இருந்தால் பார்ப்பேன்.

அதனால் நேற்று அந்தப் பக்கத்தின் உச்சியில், கொட்டை எழுத்தில் ஓர் அறிவிப்புப் போட்டேன்:

'இந்தப் பக்கம் நடுவில் ஐந்து வாரம் கூகுளில் வராமல் போனது எங்கள் தவறு. தேடி ஏமாந்தவர் மன்னிக்கவும். இங்கே எதுவும் மாறவில்லை.'

பெரியப்பா படித்துப் பார்த்தார். "எதுவும் மாறலீன்னு போட்டது நல்லாருக்குது கண்ணு. வெலையத்தான் சொல்றோம்னு நெனச்சுக்குவாங்க" என்றார்.

"ஆமாங்க பெரியப்பா" என்றேன்.