பச்சையாக நின்ற வாழை

"ஒரு இலையையும் தொடாதீங்கக்கா" என்று அனுசியா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஒரு தடவையா, மூன்று தடவை! வேளாண்மை ஆபீசிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற பிள்ளை அது. தங்கத்தாய் அதை அப்படியே புருஷன் பேச்சிராஜாவிடம் சொன்னாள். அவன் காதில் ஏற வேண்டுமே.

விஷயம் இதுதான். தாமிரபரணிக் கால்வாயின் கடைசி மடையில் அவர்களுடைய எண்ணூறு வாழை நிற்கிறது. எல்லாம் குலை தள்ளியாயிற்று, வெட்ட இன்னும் ஐந்து வாரம். கால்வாயில் தண்ணீர் வந்து இருபத்தைந்து நாள். கிணற்றில் ஊறுவதோ வாயில் வைக்க முடியாத உப்பு. அணையில் மிச்சம் கிடக்கும் தண்ணீரை ஒரே ஒரு கால்வாயில், ஒரே ஒரு முறை திறந்துவிடலாமாம். இந்தக் கரையா, அக்கரையா என்பதை அணை என்ஜினியர் வந்து, கரைக்கு ஒரு தோட்டம் பார்த்து முடிவு செய்வார். இந்தக் கரைக்கு அனுசியா எழுதிக் கொடுத்தது தங்கத்தாயின் தோட்டத்தை. ஊர்த் தண்ணீரே இவர்கள் தலையில்தான்.

"வாழை நல்லாத்தானம்மா நிக்கு, பச்சைப் பசேல்னு?" என்று தங்கத்தாய் அன்றைக்கே கேட்டாள்.

"அதுதான்க்கா வினையே. மண்ணு காஞ்சா வேருக்குத்தான் முதல்ல தெரியும். வேரு ஒரு சாறைச் சுரந்து, தண்ணி ஏறுத வழியிலேயே இலைக்கு அனுப்பும். அப்சிசிக் அமிலம்னு பேரு. அது போய்ச் சேந்ததும் இலையில இருக்க பொடிப்பொடி வாயெல்லாம் மூடிக்கிடும். உள்ள இருக்க ஈரம் வெளிய போகாது."

"நல்லதுதான?"

"உசிரு நிக்கும். ஆனா அந்த வாய் வழியாத்தான காத்தை இழுத்து அது சாப்பாடு செய்யணும்? மூடிட்டா பட்டினி. வாழை இதுல மகா அழுத்தம்க்கா. உள்ள பட்டினி கெடக்கும், வெளிய பச்சையா நிக்கும். அடியில பழுத்துத் தொங்குத இலையும், உச்சி வெயில்ல மடங்குத இலையும்தான் நமக்குச் சாட்சி. என்ஜினியரை மத்தியானமாப் பாத்துக் கூட்டிட்டு வாரேன்."

தங்கத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டு பச்சையாக நிற்பதை அவளுக்கு ஒருத்தர் வந்து விளக்க வேண்டுமா? கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷமாக அவள் பார்க்கிற உத்தியோகமே அதுதான்.

மறுநாள் ஏரல் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பியவள் வரப்பிலேயே நின்றுவிட்டாள். தோட்டம் பளிச்சென்று இருந்தது. பழுத்த இலை ஒன்று இல்லை, தொங்குகிற சருகு ஒன்று இல்லை. பேச்சிராஜா அரிவாளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அறுத்ததையெல்லாம் மோட்டார் ரூமுக்குப் பின்னால் குவித்து, மேலே சாக்கு வேறு போட்டு மூடியிருந்தான் மகராசன்.

"ஐயோ, அந்தப் பிள்ளை அவ்வளவு சொல்லிச்சே!"

"ஏளா, பெரிய ஆபீசர் வாரான். பொண்ணு பாக்க ஆள் வார அன்னைக்குக் கொடியில அழுக்குத் துணியைத் தொங்கப் போடுவியா? வியாபாரி பாக்க வந்தாலே சருகறுத்துத்தான நிறுத்துவோம். நம்ம தோட்டத்தை ஒருத்தன் பாத்து மூஞ்சியைச் சுளிக்கவா?"

அவன் சொல்வதும் அந்தப் பக்கத்து வழக்கம்தான். தோட்டம் பார்க்க யார் வந்தாலும் சருகறுக்காமல் நிறுத்துகிறவனை ஊர் சோம்பேறி என்று சொல்லும். ஆனால் வருகிறவன் எதைப் பார்க்க வருகிறான் என்று ஒரு யோசனை வேண்டாமா மனுஷனுக்கு!

அடுத்த நாள் என்ஜினியர் அனுசியா சொன்னபடி மத்தியானம் வரவில்லை. துறைமுகத்தில் பத்து மணிக்கு மீட்டிங் என்று காலை ஏழரைக்கே வந்து நின்றார். பனி ஈரத்தில் இலையெல்லாம் விரித்துப் போட்டு வாழை சீமாட்டியாக நின்றது. பின்னாலேயே ஓடிவந்த அனுசியா தோட்டத்தைப் பார்த்ததும் முகம் செத்துப் போனாள்.

"என்னம்மா, வறட்சின்னு எழுதியிருக்கீங்க?"

"சார், இலை பச்சையா இருக்கு, ஆனா துளையெல்லாம் மூடியிருக்கு சார். காய் பெருக்காது."

"இலை வாடல்னு ஒரு கட்டம்தான்மா ஃபார்ம்ல இருக்கு. மூடினது திறந்ததுக்கெல்லாம் கட்டம் இல்ல." அவர் பேச்சிராஜாவின் பக்கம் திரும்பினார். "தண்ணியே இல்லாம இப்படி நிறுத்தியிருக்கீங்களே, கெட்டிக்காரர்தான்!"

பேச்சிராஜா சிரித்தான். பல் முழுக்கத் தெரிகிற சிரிப்பு. "எல்லாம் கைப்பக்குவம் சார்" என்றான்.

அனுசியா தங்கத்தாயைப் பார்த்தாள். மோட்டார் ரூம் பத்தடி தூரம். சாக்கைத் தூக்கிக் காட்டி, 'சார், நேத்து அறுத்தது இவ்வளவு' என்று சொன்னால் போதும். தங்கத்தாய் ஒரு எட்டு எடுத்து வைத்தாள். புருஷன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு அங்கேயே நின்றாள். ஜீப் போய்விட்டது.

தண்ணீர் அக்கரைக்குப் போயிற்று. அந்தத் தோட்டக்காரன் சருகறுக்காத சோம்பேறி என்று பிறகு கேள்விப்பட்டார்கள்.

ஐந்தாவது வாரம் மாப்பிள்ளையூரணி வியாபாரி பால்துரை வந்தார். வழக்கம்போல பேச்சிராஜா சருகறுத்து வைத்திருந்தான். பால்துரை ஒரு காயை விரலால் நெருடிப் பார்த்தார், அடுத்த குலைக்குப் போனார், அதற்கடுத்த குலைக்கும் போனார்.

"என்னடே இது, காய் பென்சில் கணக்கா இருக்கு? ஆட்டுக்கு வெட்டிப் போடு. எனக்கு வேண்டாம்" என்று வண்டியை எடுத்தார்.

பேச்சிராஜா வரப்பில் உட்கார்ந்தான். அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அவளைப் பார்த்தான்.

"நான்தான் கூறுகெட்ட பய. நீயாவது அன்னைக்கு அந்த ஆளுகிட்ட சொல்லியிருக்கலாம்லா? கல்லு மாதிரி நின்னியே!"

எண்ணூறு வாழையும் போய், பழியும் இவள் தலையில்! தங்கத்தாய்க்கு உச்சந்தலை வரை கொதித்தது.

"சொல்ல வந்தேன். நீங்க சிரிச்சீங்க. நம்ம பயலைக் கடல் கொண்டு போனதுக்கப்புறம், ஆறு வருசத்துல, அன்னைக்குத்தான் நீங்க சிரிச்சு நான் பாத்தேன். அதை அத்துவிட எனக்கு வாய் வரல."

தங்கத்தாய் அவன் பக்கத்தில் கிடந்த அரிவாளை எடுத்துக்கொண்டு முதல் வாழையை வெட்டப் போனாள். அதன் இலை அப்போதும் பச்சையாகத்தான் இருந்தது.