பூத்த செடிதான் வேணும்

தன் செடி நர்சரிக்கு வருகிறவர்களிடம் அக்கா முதலில் கேட்பது ஒன்றுதான்: மொட்டா, பூத்ததா? குடியிருக்கிறவர்கள் மொட்டுச் செடியை வாங்குவார்கள். வந்து போகிறவர்களின் கண்ணுக்கு அழகாக இருந்தால் போதும் என்பவர்களுக்குத்தான் பூத்த செடி.

தம்பி போனில் கேட்டான். "அம்மா வீட்டு வாசலுக்குப் பெட்டூனியாவும் ஜினியாவும் வேணும்க்கா. எல்லாம் பூத்ததா இருக்கணும்."

"பூத்தது இந்த வெயிலுக்கு ஒரு மாசம் தாங்காதுடா. மொட்டுன்னா நாலஞ்சு மாசம் நிக்கும்."

"ஒரு வாரம் நின்னா போதும்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. அம்மா வீட்டில் ஒழுகுகிற கூரையை அண்ணாந்துகூடப் பார்க்காதவனுக்குத் திடீரென்று என்ன பாசம்? இருந்தாலும் அம்மாவுக்காயிற்றே என்று ஞாயிறு காலை அவளே கொண்டுபோய் நட்டாள்.

அம்மா தண்ணீர் ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "சாயங்காலம் வீட்டை விலைக்குப் பாக்க ஆளுங்க வர்றாங்களாம். எனக்கு உன் தம்பி அவன் வீட்டு மாடியில ரூம் ஒதுக்கிட்டானாம்."

"வீடு உன் பேர்லதானே இருக்கு? நீ சரின்னியா?"

"கேட்டாத்தானே சொல்றதுக்கு. கையெழுத்துக்கு மட்டும் வரச் சொன்னான்."

ஒரு வாரம் போதும் என்றது ஏனென்று அக்காவுக்கு இப்போது விளங்கியது. அம்மாவை வெளியே அனுப்ப அக்கா கையாலேயே வாசலை ஜோடிக்க வைத்துவிட்டான், படுபாவி. அதுவும் ஓசியில். கத்தரியைத் தேடப் பொறுமையில்லை. நட்ட செடிகளில் இருந்த பூவையெல்லாம் விரலாலேயே வெடுக் வெடுக்கென்று கிள்ளத் தொடங்கினாள்.

"அடியே, இப்பத்தானே நட்டே," என்று அம்மா பதறினாள்.

"பூவைக் கிள்ளினா செடி சாகாதும்மா. பக்கத்துல துளிர்த்து மறுபடி பூக்கும். ரொம்ப நாள் நிக்கும்."

அம்மா குவளையைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரிசையில் உட்கார்ந்தாள். அவள் அக்காவைவிட வேகமாகக் கிள்ளினாள்.

சாயங்காலம் தம்பி ஒரு கணவன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தான். வாசலில் வெறும் பச்சைக் குச்சிகள். அவன் முகம் செத்துப்போயிற்று.

"பூவெல்லாம் எங்கேக்கா?"

அக்கா வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள். "நான்தான் கிள்ளினேன். அடுத்த பூவுக்கு நாளாகும். நான் இருந்து பாத்துக்கறேன்."

பிறகு வந்தவர்கள் பக்கம் திரும்பினாள்.

"உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க. வீடு விக்கிறதுக்கில்ல."