மாப்பிள்ளை நீக்கிய கர்னல்

கடைக்காரம்மாவின் கடையில் சட்டைப் பைகளில் பெயர் தைக்கும் எம்பிராய்டரி இயந்திரம் ஒன்றும், அதை ஆட்டுவிக்கும் லினக்ஸ் கணினி ஒன்றும் இருந்தன. அண்மையில் மாப்பிள்ளை ஒருவரும் வாய்த்திருந்தார்.

அன்று மாலைக்குள் மருத்துவமனைச் சீருடைகள் போய்ச் சேர வேண்டும். தவறினால் ஒப்பந்தம் வேறு கடைக்குப் போய்விடும். தையல் பாதியில் இருக்கையில், புதிய கர்னலை முழுதாக நிறுவ இடமில்லை என்று கணினி முனகியது. மற்ற மென்பொருள்களையெல்லாம் தாங்கி நிற்பதே கர்னல் என்று மாப்பிள்ளை அன்புடன் விளக்கினார். யாரும் கேட்டிருக்கவில்லை.

"நகருங்க அத்தை. பழைய கர்னல் ஒண்ணு குப்பையா கிடக்கு, தூக்கிடலாம்."

"அதுலதான் மெஷினே ஓடுதுன்னு மக சொல்லுவா. அவ வந்துரட்டுமே?"

"அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

அந்தக் கணினியை அமைத்தவளே மகள்தான். ஆயினும் மாப்பிள்ளையை மறுத்துப் பேசலாமோ? கடைக்காரம்மா பணிவுடன் நகர்ந்தார்.

ஓடிக்கொண்டிருக்கும் கர்னலையே நீக்குவது ஆபத்து என்று திரை எச்சரித்தது. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வராத துணிச்சல் அதற்கு! மாப்பிள்ளை பெருந்தன்மையோடு அதை மன்னித்து, நீக்கினார். அதைச் சார்ந்திருந்த, தையல் இயந்திரத்தை இயக்கும் டிரைவர் மென்பொருளும் கூடவே மூட்டை கட்டியது.

ஆனால் ஊசி நிற்கவில்லை. நினைவகத்தில் ஏறியிருந்த கர்னல், சேமிப்பு வட்டில் தன் வீடு இடிந்தது தெரியாமல் உழைத்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல. ஒரு ரீஸ்டார்ட் போட்டா கச்சிதம்."

கடைக்காரம்மா மெல்ல ஒதுங்கி மகளுக்குத் தொலைபேசினார்.

"ஐயோ அம்மா, அணைக்க மட்டும் விடாதே! அணைச்சா திரும்ப எழுந்திரிக்காது. நான் வர்ற வரைக்கும் அவர் கையப் பிடிச்சு வை!"

மாப்பிள்ளையின் கையைப் பிடிப்பது முறையன்று. ஆகவே நாற்காலியை இழுத்து, கணினியின் பொத்தானை முதுகால் மறைத்து அமர்ந்தார்.

"என்ன அத்தை, இங்க உக்காந்துட்டீங்க?"

"தைக்கணும் மாப்பிள்ளை."

"மெஷின்தானே தைக்குது?"

"அதுக்குத் துணை வேணாமா? நீங்க போய்க் கொஞ்சம் படுங்க. எவ்வளவு உழைச்சிட்டீங்க!"

இந்த ஒன்றை மட்டும் அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

மகள் வந்து, அரைகுறையாய் நின்ற புதிய கர்னலை அகற்றினாள். இடம் கிடைத்தது, ஒன்றையொன்று சார்ந்த மென்பொருள்களின் சிக்கல் அவிழ்ந்தது, பழைய கர்னலும் டிரைவரும் வீடு திரும்பின. சீருடைகளும் புறப்பட்டன.

உறங்கி எழுந்த மாப்பிள்ளை தம் தந்தையிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்: "அத்தையோட கம்ப்யூட்டர் படுத்துடுச்சுப்பா. நல்லவேளை, நான் இருந்தேன்."

கடைக்காரம்மா மறுக்கவில்லை. மகள் கணினியின் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருந்தாள்.