கர்ட் வைத்த காவல்

எனக்கு வருகிற ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

பனி விழத் தொடங்கிய சமயம் சுரங்கத்தில் என் கணவன் கர்டை வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இரும்பு விலை இறங்கினால் எங்கள் ஊரில் இது வழக்கம்தான். மறுபடி கூப்பிடுவார்கள், கூப்பிடாமலும் இருப்பார்கள். நான் சமைத்துக்கொண்டிருந்த முதியோர் இல்லத்தை அதற்கு முன்பே மூடிவிட்டார்கள். சுரங்கத்தின் மருத்துவக் காப்பீடு குளிர்காலம் முடியும்வரைதான். கர்டுக்குச் சர்க்கரை, தினமும் இன்சுலின் போட்டாக வேண்டும். காப்பீடு இல்லாமல் அதைக் கடையில் வாங்க எங்களைப் போன்றவர்களுக்கு வக்கு இல்லை. பள்ளிச் சமையலறைக்குத் தலைமைச் சமையல்காரர் தேவை, குடும்பத்துக்கே காப்பீடு உண்டு என்று அறிவிப்பு வந்ததும் நான் அன்றைக்கே விண்ணப்பம் போட்டேன்.

கர்ட் என்ன செய்தான் தெரியுமா? ஒரு பெட்டி வாங்கினான்.

பெட்டி என்றால் சீட்டுக்கட்டு அளவு. உள்ளே ஒரே ஒரு பச்சைப் பலகை, ஓரத்தில் நாலைந்து துளைகள்.

"முழு கம்ப்யூட்டர், டார்லா. லினக்ஸ் ஓடும்" என்றான், பிள்ளை பெற்றவன் மாதிரி அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு.

"இதுக்கு முகமே இல்லையே, எங்க பாத்துப் பேசுவ?"

"டிவியில மாட்டிக்குவேன்."

மாட்டினான். அதுவும் எங்கள் ஊர்ப் பையன்கள் ஹாக்கி அரையிறுதி ஆடிக்கொண்டிருந்தபோது. டிவி முழுக்கக் கறுப்பு. அதில் வெள்ளை எழுத்து மழை மாதிரி கொட்டியது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அணைந்துபோனது. திரும்ப எழுந்தது, திரும்ப விழுந்தது. நினைவட்டையை மாற்றிப் போட்டான், கேபிளை மாற்றினான், வாய்க்குள் என்னென்னவோ திட்டினான். கடைசியில் பார்த்தால், என் பழைய போன் சார்ஜரில் சொருகியிருக்கிறான். அதன் சக்தி இந்தப் பெட்டிக்குக் காணாதாம். அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஆட்டம் முடிந்து, நாங்கள் தோற்றும் போய்விட்டோம்.

சரி, வேலை இல்லாத மனுஷன், ஏதோ கையில் வைத்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டேன். புது சார்ஜர் வந்தது. பெட்டி மாறாமல் ஒரே எண்ணில் இருக்கவேண்டும் என்று அதற்கு ஒரு நிலையான விலாசம் கொடுத்தான். வைஃபை கொடுக்கும் ரூட்டரிடம், யார் என்ன கேட்டாலும் இந்தப் பெட்டியை முதலில் விசாரி என்று சொல்லிவைத்தான். பிறகு அதைக் குளிர்சாதனப் பெட்டியின் தலையில் உட்காரவைத்து, 'தொடாதே' என்று ஒரு சீட்டு ஒட்டினான்.

"இனிமே இந்த வீட்டுல எந்த போன் எந்தப் பக்கத்தைத் திறக்கணும்னாலும் இதுகிட்டதான் வழி கேக்கணும். விளம்பரக்காரன், வேவு பாக்கறவன் விலாசம்னா, அப்படி ஒரு ஆளே கிடையாதுன்னு கையை விரிச்சிடும்."

"யாரு விளம்பரக்காரன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"பெரிய பட்டியலே இருக்கு. லட்சக்கணக்குல பேரு."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. சமையல் குறிப்பு பார்க்கும்போது குறுக்கே பாய்கிற செருப்பும் கடன் அட்டையும் காணாமல்போயின. எங்கள் வீடு சுரங்க மண்மேட்டுக்குப் பின்னால் இருப்பதால் செல்போன் சிக்னல் எட்டாது. என் போனும் வீட்டு வைஃபையில்தான் ஓடும். ஆக, என் போனும் அந்தப் பெட்டியின் கைக்குள் போனது.

வியாழக்கிழமை பள்ளி அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. என்னை நேர்காணலுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்! கீழே இருக்கிற நீலப் பொத்தானை அழுத்தி, வசதியான நேரத்தை வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். நான் கர்டைக் கட்டிப்பிடித்து அடுப்படியிலேயே ஒரு சுற்று சுற்றினேன். பிறகு பொத்தானை அழுத்தினேன்.

பக்கத்தை அடைய முடியவில்லை என்று வந்தது.

காலையில் சரியாகிவிடும் என்று படுத்தேன். காலையிலும் அதேதான். அழுத்தினேன், போனை அணைத்துப் போட்டு அழுத்தினேன், கர்டின் மடிக்கணினியில் அழுத்தினேன். கர்டும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து என்னோடு சேர்ந்து கொதித்தான்.

"இதுங்களுக்கு இதெல்லாம் செய்யத் தெரியாது, டார்லா. எவனுக்கோ காண்டிராக்ட் கொடுத்திருப்பானுங்க. போன் போடு."

போட்டேன். பதிவுக் குரல்தான் பேசியது: நேரம் எடுக்க மின்னஞ்சலில் உள்ள பொத்தானை அழுத்தவும். எனக்கு எப்படி இருந்திருக்கும்! பீப் சத்தம் வந்ததும் கர்ட் காதோரம் எடுத்துக்கொடுக்க, நான் அப்படியே சொன்னேன்.

"ஒரு பொத்தானை ஒழுங்கா வெக்கத் துப்பில்ல, நீங்கல்லாம் புள்ளைங்களுக்கு என்னத்தப் படிச்சுக் கொடுத்துக் கிழிக்கறீங்க?"

"சபாஷ்!" என்று முதுகில் தட்டினான் கர்ட்.

மதியம் போயே போய்விட்டது. ராத்திரி நான் இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷைக் கிளறிக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். கர்ட் என்னைத் தேற்றுவதற்காக, பெட்டி யார் யாரைத் தடுத்தது என்ற கணக்கை மடிக்கணினியில் திறந்து என் பக்கம் திருப்பினான்.

"இங்க பாரு, இன்னைக்கு வீட்டுலயே உன் போன்தான் முதலிடம். யாரோ ஒரு வேவுக்காரன் காலையிலேர்ந்து உன்ன விடவே இல்ல. ஒரே விலாசம், திரும்பத் திரும்ப. நம்ம பெட்டி ஒரு தடவை கூட விடலையே!"

"நல்லவேளை" என்றேன் நான். என் வாயால்தான் சொன்னேன்.

கேட்டுவிடுவது என்று திங்கட்கிழமை பள்ளிக்கு நேரிலேயே போனேன். அலுவலக வாசலில் தக்காளி சூப் வாசனை. மேசையில் ஜானெல் என்ற பெண் இருந்தாள், என் மகள் வயது. மின்னஞ்சலைக் காட்டி, உங்கள் பொத்தான் செத்துக் கிடக்கிறது என்றேன். அவள் போனை வாங்கி ஒரு அழுத்து அழுத்தினாள்.

"திறக்குதே மேடம்."

திறந்துதான் இருந்தது. பள்ளியின் சின்னம், அழகான நீல எழுத்து. அதன் கீழே: நேரம் தேர்ந்தெடுக்கும் காலம் முடிந்துவிட்டது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

"மத்தவங்க எல்லாரும் எடுத்துட்டாங்களே. யாரார் திறந்தாங்கன்னு கணக்குப் பாக்க இந்த பொத்தான் வேற ஒரு கம்பெனி விலாசம் வழியா சுத்தித்தான் போகும். உங்க வீட்டுல விளம்பரத்தைத் தடுக்க ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா மேடம்? சில பேர் வீட்டுல அது இதையும் சேத்து நிறுத்திடும்."

ஒரே விலாசம், திரும்பத் திரும்ப. அந்த வேவுக்காரன் நான்தான். என் விரல்தான் காலை முழுக்கக் கதவைத் தட்டியிருக்கிறது.

"கொஞ்சம் கேட்டுப் பாரும்மா" என்றேன். மானம் மரியாதையெல்லாம் விட்டுக் கேட்டேன். "என் வீட்டுக்காரருக்கு இன்சுலின் வேணும். காப்பீட்டுக்கு இந்த ஒரு வழிதான்."

பாவம், அவள் உடனே எழுந்து உள்ளே போனாள். உள்ளே நேர்காணல் நடந்துகொண்டிருந்தது. கதவு திறந்தபோது யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வந்த அந்த மெசேஜ்… நீங்களா மேடம்?"

"ஆமா."

"உள்ள இருக்கறவங்களும் அதைக் கேட்டிருக்காங்க" என்றாள், மெதுவாக.

வீட்டுக்கு எப்படி வண்டி ஓட்டி வந்தேனோ தெரியாது. கர்ட் மேசையில்தான் இருந்தான். நான் கோட்டைக் கூடக் கழற்றவில்லை.

"வெள்ளிக்கிழமை என் போனைத் துரத்தினானே ஒரு வேவுக்காரன், அவன் பேரைப் படி."

படித்தான். நான் மின்னஞ்சலைத் திறந்து, நீலப் பொத்தானில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தேன். அதன் அடியில் ஒளிந்திருந்த விலாசம் வந்தது. அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன். எழுத்துக்கு எழுத்து அதேதான்.

கர்டின் முகம் வெளுத்தது. ஆனால் இந்த மனுஷனுக்கு மன்னிப்புக் கேட்பதை விடக் கோளாறைச் சரிசெய்வதுதான் எப்போதும் முதலில் வரும். விசைப்பலகையில் விழுந்தடித்துக்கொண்டு தட்டினான்.

"ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம். இந்தப் பேரை மட்டும் விட்டுடச் சொல்றேன். அவ்வளவுதான். முடிஞ்சது! இப்ப அழுத்து."

என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அவனே பார்க்கட்டும் என்று அழுத்திக் கையில் கொடுத்தேன்.

"திறந்துடுச்சு பாத்தியா!" என்றான். அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். பிறகு கண்ணாடியை மூக்குக்கு ஏற்றிக்கொண்டு படிக்க ஆரம்பித்தான். படித்து முடித்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேர்ல போய் நான் சொல்றேன், டார்லா. என் தப்புன்னு சொல்றேன்."

"நான் போய்ட்டுதான் வர்றேன். நீ சபாஷ் போட்டியே, அந்த மெசேஜை அவங்க எல்லாரும் கேட்டாங்களாம்."

அவன் எழுந்து குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்த அந்தச் சனியனின் வயரைப் பிடித்தான், பிடுங்கிப் போடுவதற்கு. நான் கையைத் தட்டிவிட்டேன்.

"விடு. நீ எதுக்கு வெச்சியோ அதை அது ஒழுங்கா செஞ்சிருக்கு. இந்த வீட்டுல வேலை போகாம இருக்கறது அது ஒண்ணுதான்."

சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டிருந்தது. கர்ட் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து, மேல்தட்டிலிருந்து இன்சுலின் ஊசியை எடுத்தான். பக்கத்தில் இன்னும் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று பார்த்தபடி அப்படியே நின்றான், குளிர் வெளியேறுவது கூடத் தெரியாமல்.